மருந்து கொன்றதா, நோய் கொன்றதா? ஆஸ்துமா ஆய்வில் ஒரு பழைய வழக்கு

"இன்ஹேலர் வைத்தால் பழகிவிடும், கடைசியில் உயிருக்கே ஆபத்து" என்று சொல்ல எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். "அதெல்லாம் புரளி, இன்ஹேலரால் யாருக்கும் எதுவும் ஆனதில்லை" என்று அடித்துச் சொல்ல இன்னொருவர் இருப்பார். இரண்டு பேச்சும் அரைகுறை. ஒரு குறிப்பிட்ட இன்ஹேலர் மருந்து, ஒரு நாட்டில், பத்தாண்டுக்கும் மேலாக ஆஸ்துமா மரணங்களை உயர்த்திவைத்திருந்தது என்பதற்கு வலுவான சான்று உண்டு. அதை வைத்துக்கொண்டு இன்ஹேலரே கூடாது என்பது எவ்வளவு தவறு என்பதற்கும் அதே ஆய்வுகளில் விடை இருக்கிறது.

அந்த நாடு நியூசிலாந்து. மருந்தின் பெயர் ஃபெனோடெரால். அதைக் கண்டுபிடித்த வழிதான் இங்கே விஷயம். ஆஸ்துமாவை ஆராயும் நோய்ப்பரவலியல் அறிஞர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

கூட்டத்தைப் பார்க்கும் மருத்துவம்

கோவிட் வந்தபிறகு எபிடெமியாலஜி என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்கியது. அதனால் அது தொற்றுநோய்க்கான படிப்பு என்றே பலரும் நினைத்துக்கொண்டார்கள். தமிழில் நோய்ப்பரவலியல் என்கிறோம்: ஒரு நோய் யாருக்கு, எங்கே, எப்போது, எவ்வளவு வருகிறது, ஏன் சிலருக்கு வந்து சிலருக்கு வருவதில்லை என்பதை மக்கள் கூட்டத்தை எண்ணிக் கண்டுபிடிக்கும் துறை. சர்க்கரை நோய், புற்றுநோய், சாலை விபத்து எல்லாமே இதில் அடங்கும்.

மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கிறார். இந்த அறிஞரின் மேசையில் இறப்புச் சான்றிதழ்களும், மருத்துவமனைப் பதிவேடுகளும், ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் நிரப்பிய படிவங்களும் இருக்கும். ஒரே நோயாளியை வைத்து "இந்த மருந்தால்தான் இவர் இறந்தார்" என்று அவரால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டார். "இந்த மருந்து இல்லாதிருந்தால் இந்த ஊரில் இத்தனை இறப்பு நடந்திருக்காது" என்று சொல்வார்.

அவர் முதலில் பிரித்துவைத்துக்கொள்வது மூன்று அளவுகளை. பரவல் என்பது இன்றைய தேதியில் நூறு பேரில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்பது. புதுநோய் வீதம் என்பது ஓர் ஆண்டில் புதிதாக எத்தனை பேருக்கு வருகிறது என்பது. இறப்பு வீதம் என்பது ஓர் ஆண்டில் ஒரு லட்சம் பேரில் எத்தனை பேர் அந்த நோயால் இறக்கிறார்கள் என்பது. "ஆஸ்துமா அதிகமாகிவிட்டது" என்று செய்தி வரும்போது இந்த மூன்றில் எது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. பரவல் ஏறியும் இறப்பு இறங்கலாம். பரவல் அப்படியே இருந்து இறப்பு மட்டும் திடீரென்று ஏறலாம். ஏறினால் சந்தேகம் நோயைவிடச் சிகிச்சையின் மேல்தான் முதலில் விழும்.

ஆஸ்துமா இறப்பை எண்ணும்போது 5 முதல் 34 வயதுவரை உள்ளவர்களை மட்டும் எடுப்பது வழக்கம். வயதானவர் மூச்சுத்திணறி இறந்தால், அது ஆஸ்துமாவா, புகைபிடித்ததால் வந்த நுரையீரல் நோயா, இதயம் நின்றதா என்று சான்றிதழ் எழுதுபவருக்கே குழப்பம். மிகச் சிறிய குழந்தைகளிடம் நெஞ்சுச் சளித் தொற்றும் வீசிங்கும் கலந்துவிடும். நடுவில் உள்ள வயதில் இந்தக் குழப்பம் குறைவு. அங்கே ஆஸ்துமா என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ஆஸ்துமாதான். எண்ணிக்கை சிறிதாகிவிடும், ஆனால் நம்பலாம்.

சுலபமான வழக்கு: பார்சிலோனாவின் சோயா தூசி

நியூசிலாந்துக்குப் போகுமுன் சிக்கலில்லாத ஒரு வழக்கு. 1980களில் ஸ்பெயினின் பார்சிலோனா நகரத்தில் சில நாட்களில் மட்டும், ஒருசில மணி நேரத்துக்குள், அவசர சிகிச்சைப் பிரிவுகள் ஆஸ்துமா நோயாளிகளால் நிரம்பின. மறுநாள் ஒன்றுமில்லை. ஷோசெப் மரியா ஆன்தோ, ஷோர்டி சுன்யேர் ஆகியோர் இருந்த குழு, நோயாளிகள் எந்த நேரத்தில், எந்த இடத்தில் மூச்சுத்திணறினார்கள் என்று வரைபடத்தில் குறித்தது. புள்ளிகள் துறைமுகப் பக்கம் குவிந்தன.

துறைமுகத்தில் அந்தந்த நாட்களில் என்னென்ன சரக்கு இறங்கியது என்ற பதிவை எடுத்து ஒப்பிட்டார்கள். 1985, 1986 ஆண்டுகளில் இப்படி ஆஸ்துமா அலை வந்த 13 நாட்களிலும் சோயாபீன்ஸ் இறங்கியிருந்தது. சோயா இறங்கிய ஒவ்வொரு நாளும் அலை வந்துவிடவில்லை. ஆனால் அலை வந்த ஒரு நாளாவது சோயா இல்லாமல் இல்லை. பிறகு இரத்தத்தைப் பார்த்தார்கள். அலை வந்த நாளில் பாதிக்கப்பட்ட 86 பேரில் 64 பேருக்குச் சோயாவுக்கு எதிரான ஒவ்வாமை எதிர்ப்பொருள் இருந்தது; ஆஸ்துமா இருந்தும் அந்த நாட்களில் பாதிக்கப்படாத 86 பேரில் 4 பேருக்குத்தான் இருந்தது. தூசியைப் பிடிக்கும் வடிகட்டி இல்லாத தானியக் கிடங்குதான் காரணம் என்று தெரிந்தது. வடிகட்டி பொருத்தினார்கள், அலை நின்றது.

இது ஏன் சுலபம்? சோயா தூசி யாருக்கு நோய் முற்றியிருக்கிறது, யாருக்கு லேசாக இருக்கிறது என்று பார்த்து வீசவில்லை. காற்று எல்லார் வீட்டுக்கும்தான் போனது. மருந்து அப்படியல்ல. மருந்தை ஒருவர் தேர்ந்து எழுதிக்கொடுக்கிறார், நோயின் கடுமையைப் பார்த்துத்தான் எழுதுகிறார். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

1976: நியூசிலாந்தில் மட்டும் ஏறிய கோடு

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1960களில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உள்ளிட்ட சில நாடுகளில் இளம் ஆஸ்துமா நோயாளிகளின் இறப்பு திடீரென்று உயர்ந்தது. அங்கெல்லாம் ஐசோப்ரெனலின் என்ற மருந்தின் ஐந்து மடங்கு வீரியமுள்ள இன்ஹேலர் விற்பனையில் இருந்தது. அமெரிக்காவில் அது விற்பனைக்கு வரவில்லை. இறப்பு அலையும் வரவில்லை. எச்சரிக்கைகள் வந்து விற்பனை குறைந்ததும் கோடு இறங்கியது. அத்துடன் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

1976இல் நியூசிலாந்தில் கோடு மறுபடி ஏறத் தொடங்கியது. 1979இல் 5 முதல் 34 வயதினரில் இறப்பு வீதம் லட்சத்துக்கு 4ஐத் தொட்டது. சில ஆண்டுகள் முன்பிருந்ததைப்போலச் சுமார் மூன்று மடங்கு. அக்கம்பக்கத்து ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ இப்படி ஒரு பாய்ச்சல் இல்லை. சான்றிதழ் எழுதும் முறை மாறியதால் வந்த தோற்றமா என்று பார்த்தார்கள். அந்த வயதில் அது இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் கொடுக்காது. நோயே அதிகமாகிவிட்டதா என்று பார்த்தார்கள். பரவல் ஓரிரண்டு ஆண்டில் மும்மடங்காவதில்லை. மருத்துவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை, நோயாளிகள் தாமதமாக வருகிறார்கள் என்ற விளக்கமும் வந்தது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் 1976இல் மட்டும் எல்லாரும் சேர்ந்து அலட்சியமானதற்குக் காரணம் சொல்ல யாராலும் முடியவில்லை.

1976 ஏப்ரலில் நடந்த ஒன்று உண்டு. ஃபெனோடெரால் இன்ஹேலர் நியூசிலாந்துச் சந்தைக்கு வந்தது. இது பீட்டா அகோனிஸ்ட் வகை மருந்து: மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும் வகை. நம் ஊரில் அஸ்தாலின் என்ற பெயரில் கிடைக்கும் சால்பியூடமாலும் இதே வகைதான். வேறுபாடு அளவில் இருந்தது. சால்பியூடமால் ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம். ஃபெனோடெரால் ஒரு பஃப்புக்கு 200. அதோடு ஃபெனோடெரால் நுரையீரலோடு நிற்காமல் இதயத்தையும் கூடுதலாகத் தூண்டும், இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஆக்சிஜன் குறைந்து தவிக்கும் ஒருவருக்கு இவை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பு உண்டு. நியூசிலாந்து அளவுக்கு இந்த மருந்தை அள்ளி எழுதிய நாடு அப்போது வேறில்லை.

இதுவரை வந்ததைத் தொகுத்தால்: இறப்பு ஏறியது உண்மை, அந்த நாட்டில்தான் ஏறியது, ஏறிய ஆண்டும் மருந்து வந்த ஆண்டும் ஒன்று. சந்தேகத்துக்கு இது போதும். தீர்ப்புக்குப் போதாது.

பெரியாஸ்பத்திரிக் கணக்கு

வெலிங்டனில் இருந்த ரிச்சர்ட் பீஸ்லி, ஜூலியன் கிரேன், கார்ல் பர்ஜஸ் ஆகிய மருத்துவர்களோடு நீல் பியர்ஸ் என்ற நோய்ப்பரவலியல் அறிஞர் சேர்ந்து இதை ஆராயத் தொடங்கினார். அவர்கள் முன்னால் நின்ற பெரிய தடையை ஊர்ப்பேச்சிலிருந்தே விளக்கலாம்.

"பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஆள் திரும்ப மாட்டார்" என்று கிராமத்தில் சொல்வார்கள். கணக்கெடுத்துப் பார்த்தால் பேச்சு உண்மைபோலவே இருக்கும். கற்பனையாக எண்களை வைத்துக்கொள்வோம். பெரியாஸ்பத்திரிக்கு 1,000 பேர் போகிறார்கள். அதில் 900 பேர் கடுமையான நோயாளிகள், 100 பேர் லேசானவர்கள். தெருமுனைக் கிளினிக்குக்கும் 1,000 பேர். அங்கே 100 பேர் கடுமை, 900 பேர் லேசு. எங்கே போனாலும் கடுமையானவர்களில் 10 சதவீதமும் லேசானவர்களில் 1 சதவீதமும் இறப்பார்கள் என்று கொள்வோம். பெரியாஸ்பத்திரியில் 90ம் 1ம் சேர்ந்து 91 இறப்பு. கிளினிக்கில் 10ம் 9ம் சேர்ந்து 19. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! ஆஸ்பத்திரி யாரையும் கொல்லவில்லை. முற்றிய நோயாளிகள் அங்கே அனுப்பப்பட்டார்கள், அவ்வளவுதான்.

இங்கே நோயின் கடுமை செய்யும் வேலைக்கு குழப்பக் காரணி என்று பெயர். ஆராயப்படும் காரணத்தோடும் விளைவோடும் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொண்டு, இல்லாத உறவை இருப்பதுபோலக் காட்டும் மூன்றாவது சங்கதி. ஃபெனோடெரால் விஷயத்தில் எதிர்த்தரப்பு சொன்னதும் இதைத்தான்: வீரியமான மருந்து என்பதால் மருத்துவர்கள் முற்றிய நோயாளிகளுக்கு அதை எழுதினார்கள், முற்றியவர்கள் இறந்தார்கள், பழி மருந்தின் மேல் விழுந்தது. நியாயமான வாதம். உதறிவிட முடியாது.

பெரியாஸ்பத்திரிக் கணக்கிலேயே இதை அவிழ்க்கும் வழியும் இருக்கிறது. கடுமையானவர்களை மட்டும் தனியே எடுத்து ஒப்பிடுங்கள்: இங்கும் 10 சதவீதம், அங்கும் 10 சதவீதம். ஐந்து மடங்கு வேறுபாடு ஆவியாகிவிடுகிறது. ஒத்த கடுமையுள்ளவர்களுக்குள் ஒப்பிட்டால் குழப்பக் காரணியின் மாயம் கலைந்துவிடும். கலையாமல் நின்றால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது.

இறந்தவரிலிருந்து பின்னோக்கி

மருந்தைச் சோதிக்க நேர்வழி, ஒரு பாதிப் பேருக்கு இதையும் மறுபாதிக்கு அதையும் குலுக்கல் முறையில் கொடுத்துப் பார்ப்பது. ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களிலும் இறப்பு அரிது. நாலைந்து இறப்பைப் பார்க்கவே பல்லாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் தொடரவேண்டும். அதோடு, கொல்லும் என்று சந்தேகிக்கும் மருந்தைச் சோதனைக்காகக் கொடுக்க எந்த நெறிமுறைக் குழுவும் கையெழுத்துப் போடாது.

ஆகவே தலைகீழாகப் போனார்கள். கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு என்பது விளைவிலிருந்து தொடங்குவது: நோய்க்கு ஆளானவர்களை, இங்கே இறந்தவர்களை, ஒரு பக்கம் வைத்து, அதே வகை மக்களில் ஆளாகாதவர்களை மறுபக்கம் வைத்து, இருபக்கமும் முன்பு என்ன மருந்து எடுத்தார்கள் என்று பின்னோக்கிப் பார்ப்பது. 1981 முதல் 1983 வரையிலான ஆஸ்துமா இறப்புகளை அந்நாடு ஏற்கெனவே தேசிய அளவில் ஒவ்வொன்றாக விசாரித்துப் பதிந்திருந்தது. அதிலிருந்து 5 முதல் 45 வயதுக்குட்பட்ட 117 பேர் கேஸ் ஆனார்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு பேர் வீதம் 468 பேர் கன்ட்ரோல்.

கன்ட்ரோலைத் தேர்வதில்தான் இந்த வகை ஆய்வு வாழ்வதும் சாவதும். தெருவில் போகும் ஆரோக்கியமானவரைக் கன்ட்ரோலாக எடுத்தால் அவரிடம் இன்ஹேலரே இருக்காது. எந்த ஆஸ்துமா மருந்தும் கொலைகாரனாகத் தெரியும். லேசான ஆஸ்துமா உள்ளவரை எடுத்தால் பெரியாஸ்பத்திரித் தவறு. அதனால் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களையே எடுத்தார்கள். அதுவும், இறந்தவர் பிழைத்து வந்திருந்தால் எந்த மருத்துவமனையில் சேர்ந்திருப்பாரோ அதே மருத்துவமனையில், வயதும் இனக்குழுவும் ஒத்தவர்களாக. ஒப்பீட்டைத் தொடங்கும்போதே கடுமை ஓரளவு சமமாகிவிடுகிறது.

முடிவு இப்படி வந்தது. இறந்தவர்களில் சுமார் 51 சதவீதத்தினருக்கு ஃபெனோடெரால் இன்ஹேலர் எழுதப்பட்டிருந்தது. கன்ட்ரோலில் சுமார் 40 சதவீதம். இதிலிருந்து ஆட்ஸ் ரேஷியோ என்ற எண்ணைக் கணக்கிடுகிறார்கள்: கேஸ் பக்கத்தில் மருந்து எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் உள்ள விகிதத்தை, கன்ட்ரோல் பக்கத்தின் அதே விகிதத்தால் வகுப்பது. 51ஐ 49ஆல் வகுத்தால் 1.04. 40ஐ 60ஆல் வகுத்தால் 0.67. முதலதை இரண்டாவதால் வகுத்தால் ஒன்றரைக்குச் சற்று மேலே. தலைகளை எண்ணிப் போட்ட துல்லியக் கணக்கில் 1.55. இந்த எண் 1 என்றால் மருந்துக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை; கூடினால் ஆபத்து கூடுகிறது; 1க்குக் கீழே என்றால் மருந்து காப்பாற்றுகிறது.

117 பேரை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் தற்செயலுக்கும் இடம் உண்டு. அதைச் சொல்லத்தான் நம்பக இடைவெளி: உண்மையான மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்ற வரம்பு. இங்கே அது 1.04 முதல் 2.33 வரை. கீழ்முனை 1ஐ உரசிக்கொண்டு நிற்கிறது. இந்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மருந்தைத் தடைசெய்யச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிப்பதும் சரிதான்.

கடுமையானவர்களைத் தனியே பிரித்தபோது

அடுத்த படிதான் இந்த ஆய்வின் உயிர். குழப்பக் காரணி வாதம் சரியென்றால், கடுமையான நோயாளிகளுக்குள் மட்டும் ஒப்பிடும்போது 1.55 என்ற எண் 1ஐ நோக்கி இறங்கவேண்டும். பெரியாஸ்பத்திரிக் கணக்கில் இறங்கியதுபோல.

கடுமையை எப்படி அளப்பது? கையிலிருந்த பதிவேடுகளில் சில அடையாளங்கள் இருந்தன: கடந்த 12 மாதத்தில் மருத்துவமனையில் சேர்ந்தவரா, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வகை ஆஸ்துமா மருந்துகள் எடுப்பவரா, ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவரா. ஸ்டீராய்டு மாத்திரை வரை போனவர் என்றால் நோய் முற்றியிருக்கிறது என்று பொருள்.

முந்தைய ஆண்டில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குள் மட்டும் பார்த்தபோது எண் 2.16 ஆனது. ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்குள் பார்த்தபோது 6.45, கீழ்முனையே 2.72. இரண்டு அடையாளமும் சேர்ந்த மிகக் கடுமையானவர்களுக்குள் 13.29. இந்தக் கடைசிப் பிரிவில் ஆட்கள் குறைவு, அதனால் வரம்பு மிக அகலம். 13 என்ற எண்ணை அப்படியே பிடித்துத் தொங்கக் கூடாது. கவனிக்கவேண்டியது திசை. இறங்கவேண்டிய எண் ஏறியது.

ஏன் ஏறியது என்பதற்கும் எளிய காரணம் உண்டு. லேசான நோயாளிக்கு ஃபெனோடெரால் எழுதியிருந்தாலும் அது பெரும்பாலும் அலமாரியில் கிடக்கும். முற்றியவர்தான் மூச்சு அடைக்கும் இரவில், வீட்டில் தனியாக, பத்து இருபது பஃப் இழுப்பார். ஆபத்து அங்கே குவிந்திருந்தால், அங்கே பார்க்கும்போது எண் பெரிதாகத் தெரியும்.

சுருக்கமாக: ஒட்டுமொத்தக் கணக்கில் மங்கலாக இருந்த தொடர்பு, கடுமையைச் சமப்படுத்தியதும் மறையாமல் கூடுதலாகத் தெளிந்தது. "முற்றியவர்களுக்கு எழுதினார்கள், அதனால்தான்" என்ற விளக்கம் இங்கே பலமிழந்தது.

எதிர்ப்பும் இரண்டாம் ஆய்வும்

1989 ஏப்ரலில் இது லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருந்தைத் தயாரித்த போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனத் தரப்பிலிருந்தும் துறை அறிஞர்கள் சிலரிடமிருந்தும் கடும் விமரிசனம் எழுந்தது. அதில் ஒன்று உண்மையிலேயே வலுவானது. இறந்தவர்கள் எடுத்த மருந்து பற்றிய தகவல் அவர்களுடைய குடும்ப மருத்துவரிடமிருந்து வந்தது; கன்ட்ரோல்களின் தகவல் மருத்துவமனைப் பதிவிலிருந்து வந்தது. இரண்டு தராசில் நிறுத்தால் எடை ஒப்பாகாது. இதற்குத் தகவல் பிழை என்று பெயர்: ஒரு பக்கத்துத் தகவல் மறுபக்கத்தைவிட முழுமையாகவோ குறைவாகவோ இருப்பதால் விளையும் போலி வேறுபாடு.

இதற்கு வாதத்தால் பதில் சொல்லாமல் இன்னோர் ஆய்வைச் செய்தார்கள். 1977 முதல் 1981 வரை இறந்தவர்களில், இறப்பதற்கு முந்தைய 12 மாதத்தில் மருத்துவமனையில் சேர்ந்திருந்தவர்களை மட்டும் எடுத்தார்கள்: 58 பேர். கன்ட்ரோல் 227 பேர். இப்போது இருபக்கத் தகவலும் ஒரே வகை மருத்துவமனைப் பதிவிலிருந்து. தராசு ஒன்றுதான். எண் 1.99 வந்தது, ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்களுக்குள் 5.83. முதல் ஆய்வின் அதே தோரணை. பிறகு செய்த மூன்றாவது ஆய்வும் அதே பக்கம் நின்றது. வேறுவேறு குறைகள் உள்ள ஆய்வுகள் ஒரே விடையைத் தரும்போதுதான் அந்த விடையை நம்பத் தொடங்கலாம் என்பது இத்துறையின் எழுதாத விதி.

நியூசிலாந்து அரசு 1989இல் எச்சரிக்கை விடுத்து, அந்த ஆண்டின் இறுதியில் ஃபெனோடெராலுக்கான மானியத்தைக் கட்டுப்படுத்தியது. விற்பனைப் பங்கு சுமார் 30 சதவீதத்திலிருந்து ஓரிரு ஆண்டில் 3 சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. இளம் வயதினரின் இறப்பு வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, பிறகு ஏறவில்லை. சிகிச்சை முறைகள் பொதுவாக மேம்பட்டதும் ஒரு பங்கு வகித்திருக்கலாம் என்று இன்றும் வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் மேம்பாடு படிப்படியாக வரும். இந்தக் கோடு படியிலிருந்து குதித்ததுபோல் விழுந்தது.

இன்ஹேலர் எல்லாமே ஆபத்தா?

கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் மருந்துச்சீட்டுகள் கணினியில் பதிவாகியிருந்தன. அங்கே செய்து 1992இல் வெளிவந்த பெரிய ஆய்வு, எத்தனை குப்பி வாங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தது. ஃபெனோடெரால் குப்பி கூடக்கூட ஆபத்து செங்குத்தாக ஏறியது. சால்பியூடமால் குப்பி அதிகமாக வாங்கியவர்களிடமும் ஏறியது, ஆனால் குறைவாக.

சால்பியூடமால் விஷயத்தில் இதை எப்படிப் படிப்பது? மாதம் ஒரு குப்பி தீர்க்கிறவரின் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். மூச்சுக்குழாய்ச் சுவரின் வீக்கம் அப்படியே இருக்க, மேலே இறுகிய தசையை மட்டும் தளர்த்திக்கொண்டிருக்கிறார். ஆபத்தில் எவ்வளவு மருந்தினால், எவ்வளவு கவனிக்காத வீக்கத்தினால் என்று பிரிப்பது கடினம். ஆனால் வீக்கத்தைக் குறைக்கும் இன்ஹேல்டு ஸ்டீராய்டை ஒழுங்காக எடுப்பவர்களிடம் இறப்பு குறைவு என்பதைப் பிற ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அதுவும் இன்ஹேலர்தான். "இன்ஹேலர் கூடாது" என்று நிறுத்தவைப்பவர்கள் பெரும்பாலும் நிறுத்தவைப்பது, உயிரைக் காக்கும் இந்த மருந்தைத்தான். என் கணிப்பில் நம் ஊரில் இந்தப் பயம் செய்யும் கேடு, மருந்து செய்யும் கேட்டைவிடப் பெரிது.

பின்பு அந்தக் கேள்வி எங்கே போனது

மருந்துச் சண்டை ஓய்ந்ததும் பியர்ஸ் போன்றவர்களின் கவனம் பரவல் பக்கம் திரும்பியது: சில நாடுகளில் ஏன் ஆஸ்துமா இவ்வளவு அதிகம்? ஐசாக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலகளாவிய குழந்தைகள் ஆய்வு அதற்காக நடந்தது. 1998இல் வந்த அதன் முதல் கட்ட முடிவில் 56 நாடுகளின் 155 மையங்களிலிருந்து 13, 14 வயதுப் பிள்ளைகள் 463,801 பேர் இருந்தார்கள். கடந்த 12 மாதத்தில் நெஞ்சில் விசில் சத்தம் வந்ததா என்ற எளிய கேள்விதான் அடிப்படை. ஒவ்வொரு மொழியிலும் அந்தச் சத்தத்தைப் பிள்ளைகள் வெவ்வேறாகப் புரிந்துகொள்வார்கள் என்பதால், மூச்சுத்திணறும் ஆட்களைக் காட்டும் காணொளியை ஓடவிட்டு "உனக்கு இப்படி வந்ததுண்டா" என்றும் பல மையங்களில் கேட்டார்கள். இங்கிலாந்து, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அயர்லாந்து மேலே நின்றன. சீனா, இந்தோனேசியா, கிரீஸ் போன்றவை கீழே. காற்று மாசு அதிகமுள்ள இடங்களில் அதிகம் என்ற எளிய விடை இந்தப் பட்டியலோடு ஒட்டவில்லை. மாசு இருக்கிற ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும் என்பது வேறு. நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை அதனால் மட்டும் விளக்கிவிட முடியாது என்பது வேறு.

1999இல் பியர்ஸும் கூட்டாளிகளும் இன்னொரு நம்பிக்கையையும் அசைத்தார்கள். ஆஸ்துமா என்றால் ஒவ்வாமை என்றுதான் பாடம். அதுவரை வந்த ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து, ஆஸ்துமாவில் பாதிக்கும் குறைவாகத்தான் ஒவ்வாமை நாட்டத்தின் கணக்கில் எழுத முடியும் என்றார்கள். "அலர்ஜி டெஸ்ட் நார்மல், அப்போது ஆஸ்துமா இல்லை" என்று முடிவுகட்டுவது ஏன் தவறு என்பதற்கு இது விளக்கம்.

கையிலிருக்கும் குப்பிக்குத் திரும்பினால்

சால்பியூடமால் குப்பி ஒன்றில் 200 பஃப். தினமும் இரண்டு பஃப் என்றால் நூறு நாளில் காலி. ஆண்டுக்கு மூன்று குப்பியைத் தாண்டிவிடும். ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகளவில் வழிகாட்டும் ஜினா அமைப்பு, ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேல் வாங்குபவர்களுக்குக் கடுமையான ஆஸ்துமா தாக்குதல் வரும் வாய்ப்பு கூடுதல் என்றும், 12 அல்லது அதற்கு மேல் என்றால் இறப்பு ஆபத்தும் கூடுதல் என்றும் சொல்கிறது. 12 குப்பி என்பது நாளைக்கு ஆறேழு பஃப்தான். எண்ணிப் பார்க்காவிட்டால் கண்ணில் படாத கணக்கு. 2019 முதல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பியூடமாலை மட்டும் தனியாகக் கொடுப்பதை அந்த அமைப்பு பரிந்துரைப்பதில்லை; இன்ஹேல்டு ஸ்டீராய்டும் சேரவேண்டும் என்கிறது.

குப்பியை மாற்றும் தேதியை அதன்மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். மூன்றாவது தேதி ஓர் ஆண்டுக்குள் விழுந்தால், அடுத்த குப்பியை மருந்துக்கடையில் நேராகக் கேட்டு வாங்காமல், பழைய குப்பியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மருத்துவர் சொல்லாமல் எந்த இன்ஹேலரையும் தானாக நிறுத்தக் கூடாது. மூச்சுத்திணறலில் வழக்கமான பஃப் எடுத்தும் பேச்சு முழு வாக்கியமாக வரவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால், பஃப் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு வீட்டில் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.